சொல்லாததைச் சொன்னேன் என்றேன்

கருப்பையாவின் வயிற்றில் என்ன கோளாறு என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவன் இறந்த பிறகு, சொன்னேன் என்று அவன் மனைவியிடம் பொய் சொன்னேன். அவள் அதை நம்பினாள்.

இவ்வளவுதான் என் குற்றம். நான்கு வாக்கியங்களில் அடங்கிவிட்டது! இந்த நான்கையும் எழுதுவதற்கு எனக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது... இப்போதும் கை கூசுகிறது.

நான் ஒரு மருத்துவன். திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்து, சென்னையில் படித்து, அரசு வேலையில் அந்தமானுக்குக் கப்பலேறியவன். அறுபதுகளின் நடுவில் போர்ட்பிளேயரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருந்தேன். அதன் பெயர் வேண்டாம். தவறு கட்டடத்தினுடையது அல்ல.

அவசரப் பிரிவு என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். ஒரு மேசை, ஒரு கட்டில், ஒரு திரை, வெளியே நீள பெஞ்சு. மலையாளி நர்ஸ் ஒருவர். அன்னம்மா என்று பெயர். நான் பேசும் இந்தியைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் அவர்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று புரிய வேண்டுமானால், அந்நாளைய படகுகளைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெளித் தீவுகளிலிருந்தும் குடியேற்ற ஊர்களிலிருந்தும் வந்த நோயாளிகள், திரும்பிப் போக ஃபீனிக்ஸ் பே ஜெட்டி என்ற படகுத்துறையில் படகு ஏற வேண்டும். மருத்துவமனைக்கு வந்துபோகிறவன் என்றால், என்ன நோய் என்று எழுதிய சீட்டு கேட்பார்கள். எப்போதோ ஒரு முறை தொற்றுக் காய்ச்சல் ஒன்று படகோடு ஊருக்குப் போய்ச் சேர்ந்ததாம். அன்று முதல் அந்த வழக்கம். சீட்டில் நோயின் பெயர் இருந்தால் இடம் உண்டு. பெயர் இல்லையென்றால், அந்த வாரத்துப் படகு அவனுக்கு இல்லை.

வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. தெலுங்கு மீனவர் ஒருவர் நெஞ்சு வலி என்று வந்தார். பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. படித்த படிப்புக்கு நேர்மையாக, ‘காரணம் தெரியவில்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். ஜெட்டியில் சீட்டைப் பார்த்த குமாஸ்தா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

“டாக்டர் சாப், ஏக் நாம் தே தோ நா!”

ஏதாவது ஒரு பெயர் கொடுங்களேன் என்று கையேந்தி நின்றார் அந்த மனிதர். படகு அதற்குள் போய்விட்டது. அடுத்த படகு வரும்வரை எங்கள் வராந்தாவில் படுத்துக் கிடந்தார்.

அன்னம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“சாரே, ஒரு பேரு எழுதித் தள்ளக்கூடாதா? கொச்சுக் குழந்தைக்குப் பேரிடுவதுபோல நாளும் நட்சத்திரமும் நோக்கிக்கொண்டு இருக்கிறீங்களே!”

அன்றுமுதல் எழுதத் தொடங்கினேன். தலைவலியா, ‘பித்தம்’. முதுகு வலியா, ‘வாதம்’. வயிறா, ‘வாய்வு’. பல சமயம் அது சரியாகவும் இருந்தது. சரியில்லாதபோதும் பெரும்பாலும் நோய் தானாக அடங்கிப்போயிற்று. பெயர் வைத்தவனுக்குத்தான் பெருமை வந்து சேர்ந்தது!

ஆனால் நீங்கள் ஒன்று கேட்பீர்கள். நானே என்னைக் கேட்டுக்கொண்ட கேள்விதான் அது. பெயரைக் கேட்டது ஜெட்டிதானே? சீட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே? நோயாளியின் காதில் உண்மையைச் சொல்வதை எந்தக் குமாஸ்தா தடுத்தார்? ‘படகுக்காக வாய்வு என்று எழுதுகிறேன். உண்மையில் எனக்கு இன்னும் தெரியவில்லை. இன்னின்னது நடந்தால் உடனே வா.’ இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகுமா?

ஆகாது. நான் சொல்லவில்லை.

ஏனென்றால், பெயரைக் கேட்டதும் அவர்கள் முகம் தெளிந்தது. கடல் தாண்டி வந்து, காட்டை வெட்டி, யாருமில்லாத ஊரில் குடிசை போட்டவர்கள். சென்னையில் படித்த டாக்டர் ஒருவன் உறுதியாக ஒரு சொல் சொன்னால் அவர்களுக்கு அது போதும். அந்தத் தெளிவைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது... மெல்ல மெல்ல, எழுதியதை நானே நம்பவும் பழகிவிட்டேன்.

இனி கருப்பையா.

அவன் ராமநாதபுரத்துக்காரன். நடு அந்தமான் தீவில், ரங்கத் பக்கம் ஒரு குடியேற்ற ஊரில் இருந்தான். காட்டில் வெட்டிய மரங்களை யானைகள் இழுத்து வரும். மரத்துக்கும் யானைக்கும் சங்கிலி மாட்டுவது அவன் வேலை. முப்பது வயதிருக்கும். மகளுக்குக் காது குத்தப்போவதால் துணிமணி வாங்க, மனைவி ராக்காயியோடு போர்ட்பிளேயர் வந்திருந்தான். விடிந்ததிலிருந்து வயிற்றுவலி. ஒரு முறை வாந்தி. பதினோரு மணிவாக்கில் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். ராக்காயி கையில் பெரிய மூட்டை.

“எங்க ஆனைக்கு வயிறு உப்புனா வெல்லத்துல இஞ்சியத் தட்டி உருண்டை புடிச்சுக் குடுப்பாக டாக்டரய்யா. எனக்கும் அதையே குடுங்க. என்ன, ஆனை அளவுக்கு வேணாம்” என்றான்.

“சும்மா கெட!” என்றாள் ராக்காயி. “காலையிலருந்து சுருண்டு கெடந்த மனுசன், டாக்டரப் பாத்ததும் வாய் நீளுது. நேத்து ஓட்டல்ல அத்தன பூரி திங்காதேன்னேன், கேட்டாத்தான?”

“நாலு பூரிதான் டாக்டரய்யா.”

“ஏழு!”

நான் சிரித்தேன். அன்னம்மாவும் சிரித்தார். கட்டிலில் படுக்கச் சொன்னேன்.

வயிறு இளகித்தான் இருந்தது. உடம்பு மிக லேசாகச் சுட்டது. வெயிலில் நடந்து வந்த சூடாகவும் இருக்கலாம். வலி எங்கே என்றேன். தொப்புளைச் சுற்றிக் கையை வட்டமிட்டுக் காட்டினான். வலப்பக்க அடிவயிற்றை அழுத்தினேன். முகம் சுளித்தான். இடப்பக்கம் அழுத்தினேன். அதற்கும் சுளித்தான்.

“இங்கேயா, அங்கேயா?”

“எல்லா எடமும்தான் வலிக்குது. நீங்க அமுக்குனா வலிக்காம என்ன செய்யும்?”

அந்தக் கட்டிலருகே நான் நின்ற நேரம் இன்னும் முடியவில்லை... வெறும் அஜீரணம் இப்படித்தான் இருக்கும். குடல்வால் வீங்கத் தொடங்கும்போதும் இப்படித்தான் இருக்கும். முதல் நாளில் இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. என்னைவிடக் கெட்டிக்காரர்களாலும் எளிதில் முடியாது. ஒரு நாள் பொறுத்திருந்து பார்த்தால் வலியே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இவையெல்லாம் எனக்குத் தெரியும். குடல்வால் என்ற நினைப்பு என் மனத்தில் வந்தது. ஆமாம், வந்தது! அதை மறைத்தால் நான் எழுதும் இந்தப் பக்கமும் இன்னொரு பொய்யாகிவிடும்.

ராக்காயி கேட்டாள்:

“என்ன பீமாரி டாக்டரய்யா? பெருசா நோவு ஒண்ணுமில்லையே? ரெண்டு மணிக்குப் படகு. பிள்ளையப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்கோம்.”

“வாய்வும்மா. வேற ஒண்ணுமில்ல. தைரியமாப் போங்க.”

வாய்வு என்றதோடு நிறுத்தியிருந்தாலும் கொஞ்சம் பிழைத்திருப்பேன். ‘வேற ஒண்ணுமில்ல’ என்று யார் என்னைச் சொல்லச் சொன்னது?

சீட்டு எழுதினேன். மருந்து கொடுத்தேன். அவள் குனிந்து, அவிழ்ந்திருந்த மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். கருப்பையா எழுந்து சட்டையைப் போட்டான்.

“பாத்தியாடி, பூரி இல்ல, வாய்வு!” என்றான்.

“ரெண்டும் ஒண்ணுதான், நட” என்றாள்.

போய்விட்டார்கள். அடுத்த நோயாளி வந்தார். நான் அவர்களை மறந்தேன்.

பின்னால் நடந்தது எனக்கு அவர்கள் ஊர் மருந்தகத்துக் கம்பவுண்டர் சொல்லித் தெரிந்தது.

மறுநாள் வலி வலப்பக்கம் இறங்கிவிட்டது. ராக்காயி பயந்து கம்பவுண்டரை அழைத்திருக்கிறாள். அவர் என் சீட்டை வாங்கிப் படித்தார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் வாய்வு என்று எழுதியிருக்கும்போது அவர் என்ன செய்வார்? வாய்வுக்கு மருந்து கலந்து கொடுத்தார். கருப்பையாவும் சமாதானம் சொன்னானாம்: “வாய்வு ஒரு எடத்துல நிக்குமா? ஓடத்தான் செய்யும்.”

மூன்றாம் நாள் வலி சட்டென்று குறைந்தது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி! பக்கத்து வீட்டுக்காரி ரசம் வைத்துக் கொடுத்தாளாம். ‘வாய்வு கலைஞ்சிருச்சு’ என்று அவன் எழுந்து உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டிருக்கிறான்.

அது கலைந்ததல்ல. உடைந்தது. வீங்கிய குடல்வால் உடையும்போது சில நேரம் அப்படி ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியை நம்பாதே என்று சொல்லத் தெரிந்தவன், கடலுக்கு இந்தப் பக்கம் வேறு வயிறுகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தான்.

நான்காம் நாள் வயிறு பலகையாயிற்று. போலீஸ் ஒயர்லெஸ்ஸில் சொல்லி அனுப்பி, ஐந்தாம் நாள் லாஞ்ச் என்ற விசைப்படகில் கொண்டுவந்தார்கள். இரண்டாம் நாளே அந்த லாஞ்சைக் கேட்டிருக்கலாம், கேட்டால் வந்திருக்கும். கேட்க வேண்டிய நோய் என்று யாருக்கும் தெரியவில்லை. சீட்டில் அப்படி எழுதியிருக்கவில்லையே...

நடுப்பகலில் ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தபோது எனக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. கண் குழிந்து, மூக்கு கூர்ந்து, உதடு காய்ந்து கிடந்தான். பின்னால் வந்த ராக்காயியைப் பார்த்ததும் தெரிந்தது.

அறுவை மருத்துவர் வந்தார். தொட்டுப் பார்த்தார். தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். தயாராவதற்குள் கருப்பையா இறந்துவிட்டான்.

வராந்தாவில் நாங்கள் நால்வர் நின்றோம். அறுவை மருத்துவர், அந்த ஊர்க் கம்பவுண்டர், ராக்காயி, நான். கம்பவுண்டர் என் சீட்டை எடுத்து நீட்டினார். அறுவை மருத்துவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீங்களா பார்த்தது?”

திட்டுவதுபோல்கூடக் கேட்கவில்லை. வெறும் கேள்வி. ‘ஆமாம், எனக்குச் சந்தேகம் இருந்தது, நான் சொல்லவில்லை’ என்று பதில் சொல்லியிருக்கலாம். அவர் ஒருவேளை தலையைக் குனிந்துகொண்டு நடந்திருப்பார். எங்கள் தொழிலில் தவறு நேராத கை எது?

நானோ ராக்காயியின் பக்கம் திரும்பினேன்.

“வலி வலப்பக்கம் எறங்குனா உடனே திரும்பி வாங்கன்னு அன்னிக்கே சொன்னேனேம்மா!”

என் குரலில் கோபம்கூட இருந்தது. கோபம்! எங்கிருந்து வந்தது அது?

ராக்காயி அழுகையை நிறுத்தினாள்.

“சொன்னீகளா?”

நான் தலையசைத்தேன்.

அவள் யோசித்தாள். புருஷன் செத்து அரை மணி நேரம் ஆகவில்லை... அந்தப் பெண் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, அன்று நான் என்ன சொன்னேன் என்று உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்த்தாள். என் வார்த்தையைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் நினைவைத்தான் சந்தேகித்தாள்.

“நான் அப்ப மூட்டையக் கட்டிக்கிட்டுல்ல இருந்தேன்... குனிஞ்சுக்கிட்டு இருந்தேன்... அய்யோ, எங்காதுல விழலையே! டாக்டரு சொல்லியிருக்காரு, எங்காதுல விழலையே!”

இரண்டு கைகளாலும் தன் காதுகளில் அறைந்துகொண்டாள். அன்னம்மா ஓடிவந்து கைகளைப் பிடித்தார்.

அறுவை மருத்துவர் என் தோளைத் தட்டினார்.

“எவ்வளவு சொன்னாலும் இவர்கள் இப்படித்தான்.”

அன்னம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்று அறைக்குள் நான் என்ன சொன்னேன், என்ன சொல்லவில்லை என்பது அன்னம்மாவுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் என்னிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. கேலியும் நின்றுபோயிற்று. அவரும் போய்ச் சேர்ந்து பல காலமாகிவிட்டது.

விசாரணை எதுவும் வரவில்லை. வந்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ முறை ஏங்கியிருக்கிறேன்.

அதன்பின் நான் மாறினேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பயத்தில் மாறினேன். சீட்டில் ஒரு பெயரை எழுதுவேன். வாயால் உண்மையைச் சொல்வேன். “இது படகுக்காக எழுதியது. எனக்கு இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. காய்ச்சல் வந்தால், வலி இடம் மாறினால், வயிறு கல்லானால், நடுவில் வலி நின்றாலும்கூட, உடனே வாருங்கள். எங்கே, திருப்பிச் சொல்லுங்கள் பார்ப்போம்.” சொல்ல வைத்துத்தான் அனுப்புவேன். சீட்டின் பின்பக்கத்தில் அந்தந்த ஊர்க் கம்பவுண்டருக்கும் எழுதுவேன்.

சிலருக்குப் பிடிக்கவில்லை. பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் பெரியவர் ஒருவர், மனைவியைக் காட்ட வந்தவர், வெடுக்கென்று கேட்டுவிட்டார்:

“தெரியலன்னு சொல்றதுக்கா டாக்டர் தம்பி இம்புட்டுப் படிச்சீங்க? அத எங்க கடையில துணி கிழிக்கிற ஆளுகூடச் சொல்லுவானே!”

ஆனால் மூன்றாம் நாள், நான் சொன்ன அடையாளத்தைக் கண்டதும் ஜீப் பிடித்து மனைவியைக் கொண்டுவந்து சேர்த்தார். பிழைத்தார் அந்த அம்மா. ‘ரொம்ப நிதானமான டாக்டர்’ என்று ஊரில் பெயர் வந்தது எனக்கு. இன்னொரு பெயர்!

சில ஆண்டுகள் போயின.

ஒரு காலை நேரம். பெஞ்சில் இளம்பெண் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட வந்தவள் ராக்காயி. முடியில் நரை விழுந்திருந்தது. அவள் ஊரிலிருந்து யார் ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் துணைக்கு வருவது ராக்காயிதான் என்று பின்னால் அறிந்தேன். யாரும் கேட்காமலே வருவாளாம். நான் திரைக்குப் பின்னால் கை கழுவிக்கொண்டிருந்தேன். அவள் அந்தப் பெண்ணிடம் பேசுவது கேட்டது.

“இந்தா பாரு புள்ள. டாக்டரு பேசுறப்ப பையத் தொடாத, முந்தானையத் தொடாத. அவரு வாயவே பாரு. நான் பாக்காம விட்டுத்தான் எம்மனுசன மண்ணுக்குக் குடுத்தேன். அவரு தெளிவாத்தான் சொன்னாரு. எங்காதுதான் செத்துப்போச்சு.”

குழாயை மூட மறந்து நின்றேன்.

பிறகு வெளியே வந்தேன். அந்தப் பெண்ணைச் சோதித்தேன். உறுதியாகச் சொல்ல முடியாத வலிதான். என் வழக்கப்படி எல்லாவற்றையும் சொன்னேன். ராக்காயி கைகட்டி நின்று, கண் இமைக்காமல் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பிச் சொல்லுங்கள் என்று நான் கேட்பதற்கு முன்பே, பள்ளிப் பிள்ளையைப்போல ஒவ்வொன்றாக ஒப்பித்தாள். காய்ச்சல் வந்தால். வலி எறங்குனா. வயிறு கல்லானா. வலி நின்னாலும்.

முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“சரியாச் சொல்லிட்டேனா டாக்டரய்யா? இந்தத் தடவ ஒண்ணும் விட்டுப்போகலையே?”

அந்தப் பெண்ணைத் தவிர அறையில் வேறு யாரும் இல்லை. அறுவை மருத்துவர் எப்போதோ கடல் தாண்டி மெயின்லாண்டுக்கு மாற்றலாகிப் போயிருந்தார். என் வேலைக்கு எந்த ஆபத்தும் இல்லை. ‘ராக்காயி, அன்று நான் சொல்லவே இல்லை’ என்று ஒரு வரி. அவ்வளவுதான். வாயைத் திறந்தேன்...

“சரியாச் சொன்னீங்கம்மா” என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

ஏன் சொல்லவில்லை? பழைய புண்ணைக் கிளற வேண்டாம் என்ற கருணை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது எண்பது கடந்துவிட்டது. கருணை என்றெல்லாம் பேசக் களைப்பாக இருக்கிறது. அவள் என்னை நல்ல டாக்டர் என்று நினைத்தாள். அந்த நினைப்பை இழக்க எனக்கு மனமில்லை. வேறு காரணம் கிடையாது.

இப்போதாவது சொல்லிவிட்டீர்களே என்று நீங்கள் ஆறுதல் சொல்ல வேண்டாம். இதைக் கேட்க வேண்டியவர் நீங்கள் அல்ல. ராக்காயி எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாதவள். உயிரோடு இருந்தால், அந்தத் தீவில் இன்றும் யாரையாவது உட்கார வைத்து, தன் காது செத்துப்போன கதையைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அவள் காதுகளில் எந்தக் குறையும் இல்லை. அது தெரிந்தவன் இனி நான் ஒருவன்தான்.